சுகமாச்சாவும் என் வலது தோளும்

பதுளையிலிருந்து லுணுகலை வரைக்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் அந்த மனிதரின் எண்ணெய்க் கை படாத தலை ஒன்றுகூட மிச்சமில்லை. மனிதத் தலைகளை மட்டும் சொல்லவில்லை. மாட்டுத் தலை, ஆட்டுத் தலை, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளின் தலை எல்லாம் இதில் அடக்கம். என் தலையும்தான். அது வழுக்கை என்பதால் எண்ணெய் எங்கும் தங்காமல் நேராகக் கண்ணுக்கு இறங்கியது.

பெற்றோர் வைத்த பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'சுகமாச்சா'தான். யாராவது நோவு என்று முனகினால் போதும், தலையில் கை வைப்பார், கண்ணை மூடுவார், அரை நிமிடம் உதடு அசையும். பிறகு கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சுகமாச்சா?" அந்தக் கேள்வியை வைத்து வந்த பெயர்தான் அது.

தொழில், கொழுந்து டிராக்டர் ஓட்டுவது. மலையில் பறித்த கொழுந்தை மடுவத்தில் எடை போட்டு முடித்ததும் மூட்டைகளை ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டு போவார். நான் அதே தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவன். சனங்கள் என்னை டாக்டரையா என்பார்கள். டாக்டர் இல்லை என்று வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்துவிட்டு, வாய் வலித்து விட்டுவிட்டேன். ஒரு தோட்டத்தில் இரண்டு வைத்தியர்கள் இருந்தால் என்ன ஆகும்? ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறும். அது எனக்கு ஏறியது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒன்று உண்டு. அங்கே பாஸ்டர் இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்வார். நம் ஆளுக்குப் பேச்சே வராது. ஒருமுறை சாட்சி சொல்ல எழுப்பி விட்டார்களாம். ஐந்து நிமிடம் தலையைக் குனிந்து நின்றுவிட்டு, "முதுகு வலி உள்ளவங்க முன்னுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

மற்றவர்களைப் போல நாலு வசனம் சொல்லிவிட்டுப் போனால் என்ன, எனக்கும் தொந்தரவு இருக்காதே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பேசுறதுக்கு பாஸ்டர் இருக்காருங்க," என்றார். "ஏசப்பா நல்லவருன்னு நான் வாயால சொன்னா, சரிப்பான்னுட்டு போயிருவாங்க. நோவு போனாத்தானே நம்புவாங்க? காட்டணுங்க ஐயா."

காட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் என் டிஸ்பென்சரி வாசல். நோயாளிகள் எல்லோரும் அங்கேதானே வரிசையில் நிற்கிறார்கள், வேறு எங்கே போய்த் தேடுவது என்பது அவர் நியாயம். தினமும் காலையில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, வரிசையின் வால் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். எண்ணெய் வைத்திருந்த போத்தல், நான் இருமல் பாணி கொடுத்த போத்தல். 'நன்றாகக் குலுக்கவும்' என்று என் கையெழுத்திலேயே ஒட்டிய லேபிளைக்கூட அவர் கிழிக்கவில்லை. சனங்கள் என் யன்னலுக்கு வரும்போது நெற்றி பளபளக்கும். "சுகமாயிருச்சுங்க. எதுக்கும் ரெண்டு மாத்திரை குடுத்துருங்க" என்பார்கள்.

தோட்ட மானேஜர் பெரியதொரையின் நாய் ஒருமுறை நொண்டியது. இவர் விடுவாரா? குனிந்து அதன் தலையில் கை வைத்தார். நாய் கையைக் கடித்துவிட்டு, நாலு காலும் தரையில் பட மலைக்கு ஓடியது. நான் காயத்தைக் கழுவிக் கட்டி, ஊசி போடப் பதுளைக்குப் போகச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவரோ, "ஓடுச்சு பார்த்தீங்களா?" என்று பூரித்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேலே கொண்டுபோக முடியாது. சட்டைப் பட்டனை மனைவி போட்டுவிட வேண்டும். மருந்து கொடுப்பவனுக்கே வியாதி என்றால் சுகமாச்சாவுக்குக் கொண்டாட்டம்தானே. ஒரு வாரம் தினமும் வந்து தோளில் கை வைத்தார். எட்டாம் நாள் வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள், ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது, டிராக்டரோ வழியை அடைத்து நிற்கிறது. "சுகமாச்சா?" என்றார். ஆளைக் கிளப்பினால் போதும் என்று "சுகமாச்சு" என்றேன்.

"தூக்குங்க பார்ப்போம்."

தூக்கினேன். பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதை அவர் போனில் வீடியோ எடுத்து, சபைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் அது ஆனந்தக் கண்ணீர்.

அதோடு என் நிம்மதி போயிற்று. லுணுகலை பஜாரில் பாண் வாங்கப் போனால், கடைக்காரர் கையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். எல்ல என்ற ஊரிலிருந்து ஒருவர் தன் மாமியாரைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு என் கையைப் பார்க்க வந்தார். வந்தவர்களை ஏமாற்ற முடியுமா? தூக்கினேன். எட்டு மாதம் தூக்கினேன். வீட்டில் சட்டை போட முடியாதவர் ஊருக்கெல்லாம் கை தூக்குகிறார் என்று மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அதை யார்மேல் காட்டுவது?

பார்வதி என்று ஒரு பெண், கொழுந்து எடுப்பவள். புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை. மார்பில் கட்டி இருக்கிறது என்று வந்தவளுக்குப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருந்தேன். போயிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு மாதம் கழித்து வேறு எதற்கோ வந்தபோது கேட்டால், போகவில்லை என்கிறாள். சுகமாச்சா அண்ணன் ஜெபம் பண்ணியதில் கரைந்துவிட்டதாம். அதையும் வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

"இப்ப இல்லையா? என்னைப் பார்த்துச் சொல்லு" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "இருக்குதுங்க. முந்தியவிட பெருசா இருக்கு. ஆனா அண்ணன் மூஞ்சியப் பார்த்து இல்லைன்னு எப்படிங்க சொல்றது? ஆஸ்பத்திரிக்குப் போனா அவருக்குத்தானே அவமானம். நீங்களே சுகமாச்சுன்னு கையத் தூக்குறீங்க."

ஒரு மனிதனின் முகம் வாடக்கூடாது என்று தோட்டமே சேர்ந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதில் முதல் பெரிய பொய் என்னுடையது. இவள் செத்துப்போனால் அது என் கை செய்த வேலை.

அன்றே மடுவத்துக்குப் போனேன். பெண்கள் கொழுந்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர் டிராக்டரில் இருக்கிறார். எல்லோர் முன்னிலையிலும், என் தோள் சுகமாகவில்லை, ஒருநாளும் சுகமாகவில்லை, நான் சொன்னது பொய் என்று சத்தமாகச் சொன்னேன்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப இந்த எட்டு மாசமும் வலியோடயாங்க தூக்குனீங்க?"

"ஆமா."

"என் மனசு நோகக்கூடாதுன்னா?"

டிராக்டரை நகர்த்துவதற்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் இறங்கி வந்து, வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே போனார். அக்கா முழங்கால் எப்படி, பெரியம்மா இடுப்பு எப்படி என்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அப்போதும் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். வரிசையில் நின்ற பார்வதி அழுதுவிட்டாள்.

இனிமேல் யார் தலையிலும் கை வைக்க மாட்டார், தொல்லை விட்டது என்று நான் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய வாடிய முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"துண்டு எங்கம்மா வச்சிருக்க?" என்றார் பார்வதியிடம்.

"சாமி படத்துக்குப் பின்னால, அண்ணே."

"எடுத்து வை. காலையில மொத பஸ்."

அவளோடு போன அந்த பஸ்ஸிலேயே கண்டக்டரின் பல்வலிக்கு ஜெபம் பண்ணினார் என்று பார்வதி பிறகு சொன்னாள். ஆள் திருந்தவில்லை. கேள்வி மட்டும் மாறியது. "இன்னும் நோவுதா? உண்மையச் சொல்லுங்க" என்று கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பார். நோகிறது என்றால் அப்படியே டிராக்டரில் ஏற்றி என் வாசலில் இறக்கிவிடுவார். நிஜமாகவே சுகமானவர்கள்கூடப் பயந்துபோய் வந்தார்கள். என் வரிசை இரண்டு மடங்காகி, மத்தியானச் சோறு எனக்கு நாலு மணிக்குத்தான் கிடைத்தது.

பார்வதி பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்றைக்கும் மலையில் கொழுந்து எடுக்கிறாள். இனியாவது ஒத்துக்கொள்கிறீர்களா, கட்டியை எடுத்தது டாக்டரின் கைதானே என்று சுகமாச்சாவைக் கேட்டேன். "அந்தக் கை மட்டும் சும்மாவாங்க வந்துச்சு?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் ஆபரேஷன் நடந்த அந்தக் காலையை நினைத்தால் கோபம் நிற்பதில்லை. தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். பார்வதியின் புருஷன் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. சுகமாச்சாவின் கை இரண்டும் முழங்காலுக்கு இடையில் கிடந்தன. கண் திறந்திருந்தது, உதடு அசையவில்லை. இந்த மனிதர் ஜெபத்தை நிறுத்த மாட்டாரா என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். இப்போது நிறுத்தியதும் நானே அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன, ஜெபம் பண்ணலையா?" என்றேன்.

"வர மாட்டேங்குதுங்க ஐயா. என்னாலதானே நாலு மாசம் போச்சு. பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவர் கதிர்காமத்து முருகன்தான். கண்ணை மூடிக்கொண்டு, பார்வதிக்காக ஒருமுறை கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த ஆளுக்காக இரண்டுமுறை கேட்டேன்.