பி பிரிவில் ஓர் அற்புதம்

கடைசி விடைத்தாளையும் திருத்தி முடித்த சத்தியநேசன் சார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை, இதுவும் பத்தொன்பதுதான். ஏழாம் வகுப்பு பி பிரிவில் அத்தனை பேருக்கும் இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. தேறுவதற்கு வேண்டியது இருபது.

"அற்புதம்!" என்றார், தன்னை அறியாமல்.

அந்த வார்த்தை அவருக்கு அடிக்கடி வரும். ஒரு பிள்ளை வகுத்தல் போட்டு மீதி இல்லாமல் முடித்தால் போதும், ஏதோ கடல் பிளந்ததைக் கண்டவர் போல நின்றுவிடுவார். இருபது வருடமாகக் கணக்கு வாத்தியார். இன்னும் அந்தப் புல்லரிப்பு போகவில்லை. ஆனால் இந்த முறை வந்த அற்புதத்தில் கொஞ்சம் நடுக்கமும் இருந்தது.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் இந்த வருடம் ஒரு புதுத் திட்டம். இயற்கணிதத்துக்குத் தயாரான பிள்ளைகளை ஏழாம் வகுப்பிலேயே பொறுக்கி எடுத்துத் தனி வகுப்பில் உட்கார வைப்பது. பாடம் எடுக்கப் போகிறவர் புதிதாக வந்த ஷிபு சார். யார் தயார், யார் தயாரில்லை என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு மட்டும் சத்தியநேசனுக்கு.

"ஒரு பிள்ள கூடவா தேறல, சாரே?" என்றார் தலைமையாசிரியை ராகேல் டீச்சர். "ரெண்டு வருசமா நீங்கதான இதுகளுக்குக் கணக்கு எடுத்திய?"

"எல்லாம் அந்த எக்ஸ் செய்த வேல டீச்சரே. இத்தன நாளும் நோட்டுல தப்புக்கு நாம போட்ட அடையாளமும் அதுதான? கண்டதும் பிள்ளைங்க பயந்து போச்சு. இன்னும் ஒருக்கா வச்சுப் பாக்கேன்."

இரண்டாவது தேர்வில் எக்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாளை மீனைப் போட்டார். மூன்று சாளை இருபத்தொன்று என்றால் ஒரு சாளை எவ்வளவு? இதற்கு மேலும் எளிமையாக்க வேண்டுமென்றால் மீனைப் பொரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

"சார், சாளை வெல கொறைவாட்டுல்லா இருக்கு? குளச்சல் சந்தைல இந்த வெலைக்கிக் கிட்டாதே!" என்றான் எபிசன்.

"அது வெல இல்லலே, வெறும் எண்ணு! எல்லாம் ஒரு மார்க் கேள்விதான் மக்கா. இந்தவாட்டி பதினஞ்சு எடுத்தா போதும்."

முதல் பெஞ்சிலிருந்து பெமிலா எழுந்தாள். "இந்தவாட்டி தேறினாலாவது எங்களுக்கு நீங்க எடுப்பீங்களா சார்?"

"இல்ல மக்கா, ஷிபு சார். தங்கமான மனுசன். ஸ்மார்ட் போர்டெல்லாம் உண்டும்."

வகுப்பு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தது. எல்லாரும் பதினான்கு எடுத்தார்கள்.

"இது காப்பிதான், சாரே," என்றார் ஷிபு சார். "ஒருத்தன் எழுதினதப் பாத்து ஊரே எழுதியிருக்கு."

சத்தியநேசன் தாள்களை மேஜையில் பரப்பினார். பெமிலா முதல் பதினான்கையும் சரியாக எழுதிவிட்டு மீதியைத் தொடவே இல்லை. எபிசனுக்குக் கடைசிப் பதினான்கு மட்டும் சரி. அபிதா அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொத்தியிருந்தாள். ஒரு பிள்ளைக்குச் சரியாக வந்தது அடுத்த பிள்ளைக்குத் தப்பாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் மட்டும் எல்லாம் பதினான்கில் வந்து நின்றது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"காப்பி இல்ல ஷிபு. இது வேற என்னமோ."

"என்னது?"

"தெரியல. ஆனா இப்பிடி ஒண்ண நான் கண்டதே இல்ல."

ராகேல் டீச்சர் பெருமூச்சு விட்டார். "இதத் தாளாளர் ஒத்துக்கிட மாட்டாரு. கடைசியா இன்னொரு பரீட்சை வைக்கச் சொல்லிட்டாரு. அதுலயும் ஒருத்தரும் தேறலேண்ணா, நீங்க ரெண்டாங் கிளாசுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கப் போணும்."

வாய்ப்பாடு அவருக்குக் கசப்பில்லை. அதிலும் வியக்க ஆயிரம் இருக்கிறது. அவரை வாட்டியது வேறு. பெயர் தெரியாத ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்துக் கூப்பிட்டு, அதன் வாயாலேயே அது யாரென்று சொல்ல வைக்கும் அந்த வித்தையைச் சிறுவயதில் முதன்முதலாகக் கண்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சந்தோஷம் இந்தப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும், அதை யார் சொல்லிக் கொடுத்தாலும் சரி. இவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மூன்றாவது தேர்வுக்குப் பிள்ளைகளை வராந்தாவிலும் வேப்பமரத்தடியிலுமாகத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். தேற வேண்டிய மார்க்கை இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. முன்பே சொல்லிவிடுவதால்தான் பதறுகிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் பதறினார்கள்.

"பாஸ் மார்க் எத்தர சார்?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க சார், சொல்லுங்க!" எபிசனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சவம், பெரிய தொந்தரவாப் போச்சே! அத ரெட்டிச்சு அஞ்சு கூட்டினா முப்பத்தொம்பது வரும். போதுமா? வாயப் பொத்திட்டு எழுதுங்கலே!"

எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அதட்டியது அதிகமோ என்று அவருக்கே பாவமாக இருந்தது.

சாயங்காலம் கட்டோடு தலைமையாசிரியை அறைக்குப் போனார். மேஜையில் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது.

"பாஸ் மார்க் எத்தர வச்சிய, சாரே?"

"பதினேழு. யாருட்டயும் மூச்சு விடல. பேப்பர்ல கூட எழுதல."

"பிள்ளைங்க எத்தர எடுத்திருக்கு?"

"பதினாறு." தாள்களை மேஜையில் வைத்தார். "எல்லாரும் பதினாறு. நான் வாய்ப்பாடே சொல்லிக் குடுக்கேன் டீச்சரே."

அப்போதுதான் நோட்டுக் கட்டை வைக்க வந்த பெமிலா வாசலில் நின்றாள். ராகேல் டீச்சர் பொறுமை இழந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, சார் நிக்கிய நிப்பப் பாத்தியா? ஒரே ஒரு மார்க் கூட எடுத்தா கொறஞ்சா போவிய?"

பெமிலாவின் கண் நிறைந்துவிட்டது.

"அதெப்பிடி டீச்சர்? பதினேழு எடுத்தா நாங்க எல்லாரும் ஷிபு சார் கிளாசுக்குப் போணும்லா? பொறவு எங்க சார் மட்டும் தனியா இருப்பாங்களே!"