சூட்டில் மட்டும் செல்லும்

எங்கள் நாட்டு விளையாட்டு வீரர்கள் போதுமான அளவு குனிவதில்லை என்பதை விளையாட்டு நிர்வாகம் சென்ற வசந்தத்தில் கண்டுபிடித்தது. அதுவரை பின்லாந்தில் ஈட்டி எறிபவனை, அவன் ஈட்டி எங்கே போய் விழுந்தது என்பதை வைத்தே மதிப்பிட்டு வந்தோம். அது எவ்வளவு பிற்போக்கான முறை என்று சுற்றறிக்கை வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இனிமேல் முழங்கால் மடங்காமல் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, உடல்நெகிழ்வுச் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே களத்தில் இறங்கலாம்.

ஊரே நீட்டி மடக்கத் தொடங்கியது. நூலகத்தில் நல்ல புத்தகங்களை எல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றினார்கள். பேருந்து நிறுத்தத்தில் வழக்கம்போல் ஆளுக்கு ஆள் நாலடி தள்ளி நின்றவர்கள், நடுவில் இருந்த இடத்தில் காலை நீட்டிக்கொண்டார்கள். இத்தனை காலமும் அதற்காகவே விட்டு வைத்த இடம் போல இருந்தது.

கஷ்டம் வந்தது யால்மரிக்கு. மரம் அறுக்கும் ஆலையில் வேலை. மாவட்டத்திலேயே அவன் ஈட்டிதான் தூரம் போகும். குனியச் சொன்னால் மட்டும் விரல்கள் முழங்காலைத் தாண்டியதும் நின்றுவிடும். ஆலையில் படுத்துத் தூங்கிவிடாதே, தெரியாமல் பலகையாக அறுத்துவிடுவோம் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில் தேசிய அணிக்கான தேர்வு. இருந்தது ஓர் இடம். யால்மரி இல்லாவிட்டால் அது பக்கத்து ஊர் ஓன்னிக்குப் போகும். ஓன்னியை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். அவன் எறிந்த ஈட்டியை எடுத்துவர யாரும் அதிகம் நடக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து ஆய்வாளர் லிந்த்ரூஸ் வந்தார். கழுத்தில் பதவியைக் காட்டும் பித்தளை வில்லை. யால்மரியைக் குனியச் சொன்னார். அவன் முடிந்த வரை குனிந்தான்.

"சார், நான் ஈட்டியை எறியத்தானே போறேன். பொறுக்கவா போறேன்?" என்று கேட்டான்.

"எறியறது வேற பிரிவு, தம்பி. நான் குனியறதை மட்டும்தான் பாக்கிறேன்."

"இவன் எறியறதை ஒரே ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..." என்று பயிற்சியாளர் காவ்கோ இழுத்தார்.

"பாத்தா மனசு மாறிடும். அதனாலதான் பாக்கக் கூடாதுன்னு விதி."

சான்றிதழ் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் வந்த விருந்தாளியை நீராவிக் குளியல் அறையான சவுனாவில் உட்கார வைக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. ஏரிக்கரையில் இருந்த தன் சவுனாவுக்கு காவ்கோ இருவரையும் கூட்டிப் போனார். கொதிக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஆவி அறையை நிறைத்தபோது, அகப்பை அவர் கை தவறிக் கீழே விழுந்தது. யால்மரி சட்டென்று குனிந்தான். உள்ளங்கை இரண்டும் தரையில் பதிந்தன. மரம் இளகியிருந்தது.

"சார், பாத்தீங்களா?" என்றார் காவ்கோ.

"பாக்கல. இதுக்குள்ள நான் அதிகாரி இல்ல."

அதுவும் நியாயம்தான். துணியோடு பதவியையும் வெளியே மாட்டிவிட்டுத்தான் நாங்கள் சவுனாவுக்குள் போவோம். காவ்கோ வெளியே போய், ஆணியில் தொங்கிய வில்லையை எடுத்து வந்து அவர் கழுத்தில் மாட்டினார். மற்றபடி ஆய்வாளர் பிறந்த மேனியாகவே இருந்தார். முகத்தில் மட்டும் அலுவலகம் வந்துவிட்டது. பித்தளை சூடேறி நெஞ்சைச் சுடுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டியிருந்ததால், நிர்வாகத்தின் வரலாற்றிலேயே வேகமான உத்தரவு அன்று பிறந்தது. யால்மரி தகுதியானவன். ஆனால் சோதித்த சூட்டில் மட்டும்.

"உடம்பு ஆறிட்டா சான்றிதழும் ஆறிடும். சூட்டோட வந்து சூட்டோட எறியணும்," என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு சக்கரச் சவுனாவை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து மைதானத்தில் நிறுத்தினோம். யால்மரிக்குக் கிடைத்த சூடு தங்களுக்கும் வேண்டும் என்று மற்ற வீரர்கள் சமத்துவம் பேசினார்கள். ஈட்டி குத்திய இடத்தைக் குறிக்க நடுவர்களும் குனியத்தானே வேண்டும் என்று ஆய்வாளர் கவனித்தார். அதனால் அவர்களுக்கும் சான்றிதழ் அவசியமானது. தூறல் வேறு, பார்க்க வந்த எங்களுக்கும் குளிர்ந்தது. அடுத்தவர் அடுப்பை நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. வீட்டுக்கு வீடு சொந்தச் சவுனாவை இழுத்து வந்தார்கள். நண்பகலில் மைதானத்தைச் சுற்றிலும் புகைபோக்கிகள்.

யால்மரியின் முறை வந்தபோது நடுவர்கள் உள்ளே குனிந்துகொண்டிருந்தார்கள். வில்லையோடு ஆய்வாளரும் உள்ளே இருந்தார். ஆவி பறக்க வெளியே வந்த யால்மரி கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறான். சூடு போய்விடும் என்று யாரும் திறக்கவில்லை. காத்திருந்தால் ஆறிவிடுவான். எறிந்தான்.

ஈட்டி தூரம் குறித்த கொடிகளை எல்லாம் தாண்டி, வேலியோரம் உயரமாக வளர்ந்த புல்லில் போய்க் குத்தி நின்றது. அங்கே ஏதாவது வந்து விழும் என்று யாரும் நினைக்காததால் அந்தப் புல்லை வெட்டுவதே இல்லை.

நாங்கள் சிவக்கச் சிவக்க வெளியே வந்தோம்.

"யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டான்.

அவனுக்காகக் கத்துவதற்கென்றே வந்தவர்கள் நாங்கள். இன்று ஆவி நன்றாக இருந்தது என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

நடந்து போய்க் குத்தி வைத்ததா, எறிந்ததா என்பதை ஈட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர் தீர்ப்பளித்தார். அடுத்து எறிந்த ஓன்னியின் ஈட்டியை நடுவர்கள் அருகிலேயே கண்டுபிடித்து அளந்தார்கள். இடம் அவனுக்கே போயிற்று.

நாங்கள் சும்மா விடவில்லை. ஊரே திரண்டு ஆட்சேபம் தெரிவிக்க முடிவு செய்தோம். ஆட்சேபிப்பவர்களும் உடல்நெகிழ்வுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதனால் இப்போது மாலைதோறும் விளையாட்டுக் கழகக் கூடத்தில் வரிசையாக நின்று, உள்ளங்கை தரையில் படக் குனிகிறோம். இப்படி நிற்கும்போது கோபமாகப் பேச வருவதில்லை. ஆய்வாளர் வாரம் ஒருமுறை வரிசைகளுக்கு நடுவே நடந்து, நல்ல முன்னேற்றம் என்கிறார்.

யால்மரி மட்டும் வருவதில்லை. ஆலை விட்டுப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறானாம். அதுவும் ஆய்வாளர் சொல்லித்தான் தெரியும். எங்களால் நிமிர முடியவில்லை.