நான் கவிழ்த்த எட்டு வாளிகளும் எங்கள் முதல் பூ ஊர்வலமும்

எங்காவது தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால் என்னால் சும்மா போக முடியாது. கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. (விருந்துக்குப் போன வீட்டில் கைகழுவ வைத்த கிண்ணத்தைக்கூடக் கவிழ்த்திருக்கிறேன்.) என் கணவர் சேகர் இதை வியாதி என்பார். நான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பூ ஊர்வலம் வரை.

ஸ்கூடாயில் எங்கள் குடியிருப்பான தாமானில் ஆண்டுதோறும் நடக்கும் ஊர்வலத்துக்கு இப்போது பன்னிரண்டு லாரிகள் வருகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன், முதல் ஊர்வலத்தில் மூன்றே மூன்று. அதில் ஒன்று எங்கள் தெருவான ஆறாவது லோரோங்குடையது. கம்பிவலையில் பெரிய அன்னம் கட்டி, வெள்ளைப் பூக்களால் மூடுவதாகத் திட்டம். அதன் முதுகில் உட்காரப்போவது என் நான்கு வயது மகள் நிலா. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

கேமரன் மலையிலிருந்து வந்த பூக்கள், முதல் நாள் மாலை எங்கள் வீட்டு முன்புறத்தில் எட்டு வாளிகளில் நின்றன. பொறுப்பாளர் சரோஜா அக்கா ஓய்வு பெற்ற தாதி. கிளம்பும்போது சொன்னார்: "காலையில வரேன். பூவ நல்லா பாத்துக்கம்மா, ஒன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

பார்த்துக்கொண்டேன். பக்கத்து லோரோங்கில் அந்த மாதம்தான் இரண்டு பேருக்கு டெங்கி வந்திருந்தது. இங்கே எட்டு வாளித் தண்ணீர், உள்ளே என் குழந்தை. கொசு முட்டையிட்டு, அது பொரிந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரமாவது ஆகும் என்பது பட்டதாரியான எனக்குத் தெரியும். பயம் வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. எட்டையும் கொட்டி, கழுவி, கவிழ்த்து வைத்தேன். பூக்களைச் செய்தித்தாளில் வரிசையாகப் படுக்கவைத்தேன். கவிழ்ந்த வாளிகளைப் படமெடுத்து, 'கொசு அபாயம் நீக்கப்பட்டது' என்று லோரோங் வாட்சாப் குழுவில் போட்டேன். பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். (அப்படியானால் பூ எதில் நிற்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.)

காலையில் அக்கா வந்தார்.

"அலமாக்! என்னம்மா இது, எல்லாப் பூவும் மயக்கம் போட்டு விழுந்து கெடக்கு?"

"தண்ணியக் கொட்டிட்டேன் அக்கா. டெங்கி வந்துடுமேன்னு..."

"பூவுக்கா?"

சேகர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிலா காகித இறக்கைகளோடு வந்து நின்று, "அம்மா, அப்ப நான் எதுல ஒக்காருவேன்?" என்றாள்.

அக்கா கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். "நானும்தான் தம்ஸ் அப் போட்டுருக்கேன். ரெண்டு பேருமே மண்டு. வா, வீடு வீடாப் போயி வேலியில இருக்கற பூவக் கேப்போம். கேக்கறது நீதான் லா."

இருபத்தெட்டு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் "ஏன், வாங்குன பூ என்னாச்சு?" என்றார்கள், ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். பத்தாவது வீட்டை நெருங்குவதற்குள் கதை எனக்கு முன்னால் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் நாய்க்கு வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தார். ஆனால் பை நிறைய செம்பருத்தியும் கொடுத்தார். எல்லோரும் கொடுத்தார்கள். இட்லிப்பூ, காகிதப்பூ, கிளையோடு வெட்டிய காகிதப்பூ. வெள்ளை மட்டும் யார் வீட்டிலும் இல்லை.

அன்னத்தின் தலையில் செம்பருத்தி கொஞ்சம் கூடிப்போனது. வாலில் காகிதப்பூக் கிளைகள் சிலிர்த்து நின்றன. லாரி திரும்பியதும் சாலையோரப் பிள்ளைகள் "கோழி! கோழி!" என்று கத்தினார்கள். முதுகில் உட்கார்ந்திருந்த நிலா, "கோழி இல்ல, சேவல்!" என்று பெருமையாகத் திருத்தினாள். அறிவிப்பாளரும் அதையே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். கைதட்டல் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு எல்லோரும் சேவலைத்தான் கேட்டார்கள்.

இந்த ஆண்டு ஊர்வல வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். 'ஆறாவது லோரோங் முதல் ஆண்டிலிருந்தே தன் பாரம்பரியச் சேவலுடன் பங்கேற்று வருகிறது' என்று அதில் இருக்கிறது. மனசு கேட்காமல் அக்காவிடம் ஓடினேன்.

"இது உண்மை இல்லையே அக்கா. திருத்தச் சொல்லலாமா?"

"சொல்லேன். அப்புறம் வாளிக் கதையும் அச்சுல ஏறும்."

புத்தகத்தை மூடிவிட்டேன். ஆனால் வீட்டில் எதை மூட முடிகிறது? தோசை கருகினாலும், சட்டைக்குப் பித்தானை மாற்றித் தைத்தாலும், நிலா என் தோளைத் தட்டிச் சொல்கிறாள்: "பரவால்லம்மா, சேவல்னு சொல்லிடலாம்."