நாசிமுனி சாமியின் நீலத் தாடி

கூட்டம் கூடினால் கொரோனா வரும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்த நாள்களில், கொரோனா வராமலிருக்க மந்திரித்த மாஸ்க் வாங்க ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் கூட்டம் கூடியது. வரிசையின் வால் சிட்லபாக்கம் ஏரித் தண்ணீரில் நனைந்தது. இரண்டு கொக்குகளும் டோக்கன் வாங்கியதாகக் கேள்வி.

மந்திரித்தவர் நாசிமுனி சாமி. படப்பைப் பக்கம் ஏரிக்குள் மனை போட்டு விற்றவர். ஊரடங்கில் வியாபாரம் படுத்ததும் இமயமலைக்குப் போய் ஞானம் வாங்கி வந்துவிட்டார். ரயிலும் பஸ்ஸும் ஓடாத மாதத்தில் எப்படிப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாஸ்க் முந்நூறு ரூபாய். ஒற்றை மடிப்பு மஞ்சள் துணி. தூக்கிப் பிடித்தால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். துவைக்கக் கூடாது. கூட வேறு மாஸ்க் போடக் கூடாது, சக்தி கோபித்துக்கொள்ளும்.

வரிசையில் முதல் ஆள் கங்கையம்மாள். அவள் புருஷன் குமரவேலுக்கு மறுநாள் காலை டயாலிசிஸ். தொற்று வந்தால் அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயம்தான் அவளை இங்கே இழுத்து வந்தது.

பக்கத்துத் தையல்கடை ருக்ஸானா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு மூணு மடிப்பு வச்சுத் தச்சுக் குடுத்தேனே, அது இன்னா ஆச்சு?"

"அத்தக் கழட்டச் சொல்லிட்டாரும்மா சாமி."

ருக்ஸானா மஞ்சள் துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுல டீத்தூள்கூட நிக்காதேக்கா."

இஸ்திரிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலில் சொட்டுநீலம் கலந்து கொண்டுவந்தாள்.

"சாமி, மாஸ்க்கப் போட்டுக்கினு நில்லுங்க. இத அடிக்கிறேன். தாடி வெள்ளையாவே இருந்தா நூறு மாஸ்க் நான் வாங்கிக்கிறேன்."

"மந்திரம் கிருமிக்குத்தான் மகளே. நீலத்துக்கு இல்லை."

"கிருமி இந்தத் துளியவிடப் பெருசா சாமி?"

சாமி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தியானத்தில் இறங்கினார். அங்கேதான் தப்பு நடந்தது. கங்கையம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது, சாமிக்காக. பாட்டிலைப் பிடுங்கினாள்.

"என் சாமிய டெஸ்ட் பண்ண நீ யாரும்மா? நானே காட்டறேன். சாமி, ஆடாம நில்லுங்க. உங்க சக்தி எனக்குத் தெரியும்."

பக்தியோடு நாலு தடவை அடித்தாள். பயபக்தியோடு மாஸ்க்கைக் கழற்றினாள்.

தாடி மயில் கழுத்தாக மின்னியது. முன்பல் இரண்டும் நீலம்.

ருக்ஸானா தான் தைத்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, "எனக்கும் அடிக்கா" என்றாள். மேல்துணி நனைந்தது. உள்ளே மோவாயில் இரண்டே பொட்டு.

"பாத்தியாக்கா, இதுவும் முழுசாக் காப்பாத்தாது. கொறைக்கும், அவ்ளோதான். இதப் போட்டுக்கினும் கூட்டத்துல நிக்கக் கூடாது."

முந்தின நாள் வாங்கிய மஞ்சள் மாஸ்க்கோடு இன்னொன்றுக்காக வரிசையில் நின்ற ஜெயவேலு சார், பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம விஷத்தையெல்லாம் சாமியே முழுங்கிட்டார், பாருங்கோ."

கங்கையம்மாள் பாட்டிலோடு திரும்பி அவர் மாஸ்க்கிலும் ஒரு தடவை அடித்தாள். வெள்ளை மீசை நீலமானது.

"நீங்க இன்னாத்த முழுங்குனீங்க சார்?"

வரிசை கலைந்தபோது சாமியைக் காணவில்லை. நீலத் தாடிக்காரர் ஒருவருக்கு ஷேர் ஆட்டோவில் யாரும் இடம் தரவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் குமரவேல் மூன்று மடிப்பு மாஸ்க்கோடு டயாலிசிஸுக்குப் போனார். கூடப் போன கங்கையம்மாளின் பையில் அந்தப் பாட்டில் இருந்தது.

அடுத்த சாமி எந்த சிக்னலில் இறங்குவார் என்று சொல்வதற்கில்லை. உங்கள் வீட்டிலும் சொட்டுநீலம் இருக்கும். கும்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.