எங்கள் பேட்டைச் செய்தியில் சில திருத்தங்கள்

ஸுனூத் பேட்டை, உம்துர்மான்
ஞாயிறு, முற்பகல்

கடல் கடந்து ஒலிபரப்பாகும் வானொலியின் செய்தி ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தங்கள் மீதும், தங்கள் செய்தி வாசிப்பாளர்கள் மீதும், குறிப்பாக மாலை ஆறு மணிக்கு வாசிக்கும் அந்தக் கனத்த குரல்காரர் மீதும் சாந்தி உண்டாகட்டும். இங்கு நான் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் மரியாதை. ஆனால் முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கைக்குப் பொய் எழுதப் பழக்கமில்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன், மன்னிக்கவும்.

என் பெயர் பாபிக்கர் இத்ரீஸ். வயது அறுபத்தெட்டு. மனைவியும் மகள்களும் போர் தொடங்கிய பத்தாம் நாளே போர்ட் சூடானுக்குப் போய்விட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இருந்துவிட்டேன். வீடு என்று நான் சொல்வது இப்போது ஒன்றரை அறையும் ஒரு வேப்பமரமும். தங்கள் செய்தியை ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்கிறேன். பேட்டரி தீர்ந்துவிடும் என்று பாட்டு, நாடகம், மார்க்கச் சொற்பொழிவு எதையும் கேட்பதில்லை. இவ்வளவு விசுவாசமான நேயருக்குக் கொஞ்சம் குறை சொல்லவும் உரிமை உண்டு என்று நம்பி இதை எழுதுகிறேன்.

போன மாதம் தாங்கள் "ஸுனூத் பேட்டையில் பதற்றம் கலந்த அமைதி நிலவுகிறது" என்று வாசித்தீர்கள். எங்கள் பேட்டையின் பெயரை உலகமே கேட்கிறதே என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அவளுல்லாவின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒரு சத்தத்தோடு கிளம்பி, மதிலைத் தாண்டி வந்து, என் முற்றத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. உள்ளே பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. நானும் எதிர்வீட்டு ஜுபாராவும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஜுபாரா என் நாற்பது வருஷச் சிநேகிதர். பல் செட் செய்பவர். டாக்டர் இல்லை, டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் செட் செய்து கொடுப்பவர். இந்தப் பேட்டையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் சிரித்தால் அதில் பாதிச் சிரிப்பு அவர் செய்தது. "ஏன் பாபிக்கர் நிக்கிற? வாளியை எடு, வந்தது வந்திருச்சு" என்றார். இரண்டு நாள் அந்தத் தண்ணீரைக் குடித்தோம். மூன்றாம் நாள் அவளுல்லா வந்து, "என் தொட்டியை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டார். நாங்கள் எடுக்கவில்லை, அதுவாக வந்தது என்று நான் விளக்க, அவர் நம்பாமல் போய், அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அமைதி என்று தாங்கள் சொன்னது இதைத்தானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. சென்ற மாதம் பதினேழாம் தேதி காலைச் செய்தியில் எங்கள் பேட்டை "முழுமையாக", நாட்டுக்காகச் சண்டை போடும் இரண்டு தளபதிகளில் முதல் தளபதியின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது என்றீர்கள். முழுமையாக என்ற சொல்லை நீதிமன்றத்தில் யாரும் சும்மா சொல்லிவிட முடியாது, வக்கீல் எழுந்து நின்றுவிடுவார். நான் நம்பினேன். ரொட்டி வாங்கப் போகும் வழியில் பையன்கள் நாலு பேர் துப்பாக்கியோடு நின்று, "பெரியவரே, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார்கள். தங்கள் செய்திப்படி பதில் சொன்னேன். அவர்கள் மற்றத் தளபதியின் ஆட்கள். என் செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். எங்கள் பேட்டைக்காரர்கள் நூறு பேர் அந்த வழியாகப் போனார்கள், ஒருவர்கூட என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை, அதுவும் சரிதான், நானாயிருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன். இரண்டு மணி நேரம் கழித்து ஜுபாரா வந்தார். நேராக அவர்களின் தலைவனிடம் போய், "தம்பி, இடது கன்னம் வீங்கியிருக்கே, எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"அஞ்சு நாளாச்சு."

"தூங்கினியா?"

"எங்க தூங்கறது? பேசாம சுட்டுக்கிட்டுச் செத்துடலாம்னு இருக்கு."

"அதுக்கு அவசரமில்ல. வாயத் திற."

ஐயா, அவர் வாழ்நாளில் ஒரு பல் பிடுங்கியதில்லை. செட்டுக்குக் கம்பி வளைக்கும் குறடுதான் வைத்திருந்தார். அந்தப் பையன் அலறிய அலறலில் தெருக் கோடியில் இருந்த இரண்டாவது காவல் சாவடிக்காரர்கள் தாக்குதல் என்று நினைத்து மேலே பார்த்துச் சுட்டார்கள். பல் வந்துவிட்டது. பையன் அழுதுகொண்டே ஜுபாராவின் கையை முத்தமிட்டான். "அந்தச் செருப்புக் கிழவரையும் கூட்டிட்டுப் போங்க" என்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜுபாரா, "இனிமே எவனாவது யார் பக்கம்னு கேட்டா, 'நீ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்'னு சொல்லித் தொலை. வானொலியக் கேட்டு ஜோசியம் சொல்லாத" என்று திட்டிக்கொண்டே வந்தார். பத்து நாள் கழித்து முதல் தளபதியின் ஆட்கள் நிஜமாகவே வந்து, எதிரிக்குப் பல் வைத்தியம் பார்த்தாராமே என்று ஜுபாராவை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். மாலைக்குள் திரும்பி வந்துவிட்டார். என்ன கேட்டார்கள் என்றேன். "ஒரு கேப்டனுக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு ஆடுது" என்றார். அன்று அவர் உதடு கிழிந்திருந்ததை நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

தலைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெருநாளன்று இருவரும் மக்களுக்கு உரை நிகழ்த்தினார்கள். தாங்கள் இரண்டையும் அடுத்தடுத்து ஒலிபரப்பினீர்கள், ஒரு நடுநிலையான நிறுவனம் அப்படித்தான் செய்ய வேண்டும், குறை சொல்லவில்லை. சந்தையில் சூரியத் தகடு வைத்துச் செல்போனுக்கு மின்சாரம் ஏற்றித் தருகிற கடையில் உட்கார்ந்து நாங்கள் அந்த உரைகளைப் படமாகவே பார்த்தோம். முதலாமவர், "என் மக்களின் பொறுமைக்கு முன் தலை வணங்குகிறேன்" என்றார். இரண்டாமவர், "பொறுமைசாலிகளான என் மக்களே" என்று தொடங்கினார். ஜுபாரா, "சத்தத்தைக் குறை, பல்லைப் பாக்கணும்" என்றார். பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு. சாப்பாடு இருக்கிற வாய்" என்றார். கடையிலிருந்த எல்லோரும் சிரித்தோம், பிறகு யார் யார் கேட்டிருப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டோம்.

எனக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், தகப்பன் விட்டுப்போன ஒரே வீடு. வழக்கு ஏழு வருஷம் நடந்தது. அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாகக் கதவுகளைக் கழற்றிப் போனான், தம்பி கூரைத் தகரத்தைக் கழற்றினான், ஒவ்வொருவனும் மற்றவன் எடுத்துவிடுவானே என்று முந்திக்கொண்டான். தீர்ப்பு வந்தபோது நான்கு சுவர்தான் இருந்தது. உள்ளே அவர்களுடைய விதவைத் தங்கை மட்டும் இருந்தாள், அவளுக்கு எங்கேயும் போக இடமில்லை. அவளையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். "யாருக்கு வீடு சேர வேண்டும்?" என்று நீதிபதி கேட்டார். "மழை வருதுங்க" என்றாள் அவள். நான் அதை அப்படியே எழுதினேன். கேள்விக்குப் பொருந்தாத பதில் என்று அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். ஆனாலும் ஐயா, அந்த இரண்டு பேரும் அன்று தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர்கள் இருவரும் குனிந்து நான் பார்க்கவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்குக் காரணம் எனக்கு இதை எழுதக் கை வரவில்லை, வேறொன்றுமில்லை.

போன புதன்கிழமை முற்பகல் பத்தரை மணி. ஜுபாரா என் கதவைத் தட்டி, "சந்தைக்குப் போறேன், போனுக்குச் சார்ஜ் ஏத்திட்டு வெண்டைக்காய் கிடைச்சா வாங்கிட்டு வரேன், உன் போனையும் குடு" என்றார். நான், "வெண்டைக்காய் வந்திருக்குன்னு யார் சொன்னா?" என்றேன். "உன் வானொலி சொல்லல, நானே விசாரிச்சேன், நம்பலாம்" என்றார். இருபது நிமிஷம் இருக்கும். வேப்பமரத்து இலையெல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்தது. நான் ஓடினேன், எனக்கு ஓட்டம் வராது, ஆனாலும் ஓடினேன். அந்தச் சூரியத் தகட்டுக் கடை இருந்த இடத்தில் கடை இல்லை. ஜுபாராவை நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு துணிமூட்டையில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்துக் கொஞ்சம் மரியாதை இல்லாமல்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் போன் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, கீறல்கூட இல்லை.

கல்லறைக்குப் போகும் பாதை அடைத்துக் கிடப்பதால், பள்ளிக்கூடத்துப் பந்து மைதானத்தில் தோண்டினோம். அவளுல்லாவும் வந்து தோண்டினார். இரண்டு பேரும் ஒரே குழிக்குள் நின்று மண் அள்ளினோம். முடித்துவிட்டுக் கையைக் கழுவ வந்து வானொலியைப் போட்டேன். தாங்கள் வாசித்தது இது: "உம்துர்மான் சந்தை ஒன்றில் குண்டு விழுந்து பலர் உயிரிழந்ததாகத் தெரிகிறது. இரு தரப்பினரும் மறுத்துள்ளனர்." அவளுல்லா அப்போதுதான் வாய் திறந்தார். "ரெண்டு பேருமே இல்லைன்னா, குண்டு தானா சந்தைக்கு வந்துச்சாமா, வெண்டைக்காய் வாங்க?" என்று கேட்டார். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

ஐயா, பலர் என்பது ஒரு எண் இல்லை. பதினோரு பேர். மறுநாள் காலை நான் பழைய வழக்கப்படி பெயர், தகப்பன் பெயர், தொழில் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிவிட்டேன், தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வெங்காயக் கடைக்காரர் மாதிர். பயறு வடை சுடும் அஷ்ஷாவும் அவள் தங்கையும். ஒருவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை, அவரை நீலச் சட்டை என்று எழுதியிருக்கிறேன். பதினோரு பேரையும் வாசிக்க நேரம் போதாது என்றால், ஒரே ஒரு பெயரையாவது ஒரே ஒரு செய்தியில் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "ஜுபாரா அல்-ஹசன், பல் செட் செய்பவர், ஸுனூத் பேட்டை." கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்தேன், ஆறு நொடிதான் ஆகிறது. தாங்கள் வானிலைக்கு நாற்பது நொடி தருகிறீர்கள், இங்கு வானிலை தினமும் ஒன்றுதான். அந்தக் கனத்த குரல்காரரே வாசித்தால் நல்லது. தலைவர்கள் இருவரும் எங்கோ இருந்து தங்கள் செய்தியைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். மறுத்தவர்கள் இன்னாரை மறுத்தோம் என்றாவது தெரிந்துகொள்ளட்டும்.

தங்கள் ஊரில் ஜன்னல் கண்ணாடிகள் ஜன்னலிலேயே இருக்கட்டும். தங்கள் குடும்பத்தார் ஒரே வீட்டில், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்படி இறைவன் வைக்கட்டும். தங்கள் நிறுவனத்தின் கடைநிலை ஊழியர் வரை அனைவருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் நேயர்,
பாபிக்கர் இத்ரீஸ்
(ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர்)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை எடுத்துப்போகிற கல்தூமா, எங்கள் தெரு முனையில் தேநீர் விற்றவள், ஷெந்திக்குப் போகும் வண்டிக்காக வாசலில் மூட்டையோடு நிற்கிறாள். நான் உறையை ஒட்டப் போகும்போது பதினெட்டு நாள் கழித்துப் போனில் சிக்னல் கம்பிகள் எழுந்தன, எழுந்த உடனே மணி அடித்தது. எகிப்திலுள்ள அஸ்வானிலிருந்து ஜுபாராவின் மனைவி நிமாத். அவளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன், ஜுபாராவின் தம்பி எப்படியாவது சொல்லி அனுப்புகிறேன் என்று புதன்கிழமையே ஏற்றுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. யாருக்குத்தான் வாய் வரும்?

"அண்ணே, அவரு போனு கிடைக்கவே மாட்டேங்குதே. நல்லா இருக்காரா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பேர் கூண்டில் நின்று இப்படி வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

"தண்ணி புடிக்கப் போயிருக்காரும்மா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நாலு நாளா எனக்கு உசுரே இல்லண்ணே. வானொலியில சந்தைன்னு சொன்னாங்க. பலர்னாங்க. பேரு எதுவும் சொல்லல. அவரு பேரு இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல? அதையே நினைச்சுத்தான் ஒவ்வொரு செய்தியும் முடியுறவரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து கேக்கறேன், முடிஞ்சதும் ரெண்டு வாய் சாப்பிடறேன்."

அவளை அஸ்வானிலேயே யாராவது ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்கு ஆள் பார்க்கிறேன். அதுவரை தாங்கள் எதுவும் செய்ய வேண்டாம். தங்கள் கனத்த குரல்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

"வந்ததும் பேசச் சொல்லுங்கண்ணே. வரிசை நீளமா?" என்று கேட்டாள்.

"நீளந்தான்மா" என்றேன். அதற்குள் கம்பிகள் போய்விட்டன.