ஆடு தின்ற ஆராய்ச்சி

மட்டக்களப்பு வாவிக்கரையில் இலையக்காவைக் கண்டு நடுங்காத மரம் ஒன்றுகூட இருந்ததில்லை. கையில் கத்தரிக்கோல், தோளில் உரப்பை. அவர் நடந்துபோன பக்கம் மறுநாள் மொட்டையாக நிற்கும்.

நாவற்குடாவில் ஒரு மாமி வீட்டில் நானும் அவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வங்கியில் வேலை. அவர் ஆராய்ச்சி மாணவி. வாவிக்கரைச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் இலையில் சாறெடுத்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் செல்களின்மேல் விட்டு, அவை சாகின்றனவா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. வெயிலில் காயவைத்தால் சத்துப் போய்விடுமாம். ஆகவே அத்தனையும் எங்கள் அறைக்குள் காய்ந்தது. கட்டிலில் இலை, அலுமாரியில் இலை, என் பட்டுச் சேலை மடிப்புக்குள்ளும் இலை.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆடு புகுந்து இரண்டு மாத இலையைத் தின்றுவிட்டது. இலையக்கா குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, கொப்பியும் பேனாவுமாக மூன்று நாள் ஆட்டின் பின்னால் திரிந்தார்.

"என்ன கா, என்ட ஆட்டுக்குப் பின்னால சுத்துறாய்?" என்றாள் ஆட்டுக்காரி.

"பக்க விளைவு பாக்கிறன்."

ஆடு கொழுத்ததுதான் மிச்சம்.

ஆய்வுகூடத்தில் செல்கள் முதன்முதலாகச் செத்த அன்று, தெருவுக்கே சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொடுத்தார். அதுதான் வினையாகிவிட்டது. மாதவிடாய் நின்று பல வருஷமான மாமிக்கு மறுபடி இரத்தம் படத் தொடங்கியிருந்தது. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாதவர், புக்கையைத் தின்ற கையோடு இலையக்காவிடம் வந்தார்.

"மகள், உன்ட இலையில ஒரு பிடி தா. அவிச்சுக் குடிச்சுப் பாப்பம்."

இலையக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மாமி, அது கண்ணாடித் தட்டில செத்த செல். அந்தத் தட்டில உப்புத்தண்ணிய ஊத்தினாலும் சாகும். நாளைக்கு கிளினிக்குக்குப் போறம்."

"அங்க போய் சேலைய உயத்தவா? நான் மாட்டன்."

இரண்டு நாள் கெஞ்சினார். மாமி அசையவில்லை. மூன்றாம் நாள் காலை இலையக்கா தன் இலை மூட்டை எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டி, நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

"என்ட இலைய நம்பி நீங்க வீட்டில கிடக்கிறதெண்டா எனக்கு இந்த இலை வேணாம்."

சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். குச்சியைக் கிழித்தேவிட்டார். ஓரம் பற்றியது. மாமி வாளியோடு ஓடிவந்து, பாதித் தண்ணீரை இலைமேலும் மீதியை இலையக்காவின் மேலும் ஊற்றினார்.

"விசரி! மூணு வருசப் பாடு கா! நில்லு, சேலைய மாத்திட்டு வாறன்."

ஈரம் சொட்டச் சொட்ட இலையக்கா நடுவில், நாங்கள் இருவரும் இருபக்கம்; ஆட்டோவில் போனோம். நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. சத்திரசிகிச்சையோடு மாமி தேறிவிட்டார்.

இலையக்கா இப்போது வேறு ஊரில். அந்த இலை இன்னும் மருந்தாகவில்லை. "இன்னும் கனக்கச் சோதனை கிடக்கு" என்கிறார் தொலைபேசியில். அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பிறகு, குசினியில் மாமி பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்கும்போது, இலையக்காவை ஒருமுறை கட்டிப்பிடிக்க வேணும் போலிருக்கிறது.