கீழாநெல்லிக்கு டிக்கெட் கேட்ட டி.டி.ஆர்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய மின்சார ரயில்களில் எத்தனையோ டி.டி.ஆர்.கள் டிக்கெட் கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நீ எங்கே ஏறினே? எங்கே வண்டி மாறினே? இங்கே எப்ப இறங்கினே?" என்று விசாரணை நடத்திய டி.டி.ஆர். இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் செம்பாக்கம் காலனியில், என் எதிர்வீட்டில் குடியிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். பால்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் கீழாநெல்லி டி.டி.ஆர்.தான்.

கீழாநெல்லியைத் தெரியாத தமிழர் இருக்கமாட்டார். ஒரு சாண் உயரம், புளியிலை மாதிரி பொடி இலை, அதன் அடியில் கடுகு கடுகாகக் காய். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால், டாக்டரிடம் போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமி இதை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்து நிற்பார். அப்பேர்ப்பட்ட மரியாதை அதற்கு. அதன் பூர்வீகத்தைத் துருவியவர் மட்டும் எங்கள் ஆள் ஒருவரே.

"சார், நெல்லிங்கறது ஒரு செடி இல்லே, பெரிய குடும்பம்" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் பல்லாவரம் தாண்டித்தான் நிறுத்துவார். "மலைநெல்லி மரமா நிக்கறான். கீழாநெல்லி தரையோட தரையா கிடக்கறான். தென்னமெரிக்கா ஆத்துல ஒருத்தன் தண்ணிமேல மிதந்துகிட்டே குடித்தனம் பண்றான். எல்லாரும் ஒரே வம்சம். மனுஷன் பொறக்கறதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடியே பிரிஞ்சு, ஊர் ஊராப் போய் செட்டிலானவங்க."

"ஒரே வம்சம்னா ஒருத்தன் மரம், ஒருத்தன் பூண்டு, அது எப்படி சார்?" என்று தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உங்க அண்ணன் ஆறடி. நீங்க?"

பிறகு அவரே இரக்கப்பட்டு விளக்கினார். "போன இடத்துக்குத் தக்கபடி உடம்பை மாத்திக்கிட்டாங்க சார். மலைல இடமும் காலமும் நிறைய இருந்துது, அவன் மரமானான். இவனுக்கு ரோட்டோரம். மழை நின்னா உயிர் போயிடும். அதுக்குள்ள பூத்து, காய்ச்சு, விதை போட்டாகணும். அதனால பூண்டானான்."

இத்தனையையும் அவர் எங்கே படித்தார் என்றால், தினமும் ரயிலில் வந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம். பேராசிரியரிடம் சீசன் டிக்கெட் பத்திரமாக இருந்தது. இருந்தும் நம் டி.டி.ஆர். அவரைத் தினமும் அரைமணி நேரம் பிடித்துவைத்து விசாரித்தார். அந்தப் பேராசிரியர் பிறகு பஸ்ஸுக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

டி.டி.ஆரின் மனைவி மகா பொறுமைசாலி. "இவர் என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே வாசல்ல குனிஞ்சு செடியைத்தான் பார்த்தாரு. எங்கப்பா, மாப்பிள்ளை எவ்ளோ அடக்கம்னு உருகிப் போயிட்டாரு" என்பார்.

உத்தியோகத்தில் மனிதர் எமன். வித்தவுட்டில் வந்தால் மாமனாராக இருந்தாலும் தாம்பரத்தில் இறக்கி ஃபைன் போடுவார். ஒரேயொரு முறைதான் கோட்டை விட்டார். கையில் துளசித் தொட்டியோடு ஒரு ஆள் ஏறியிருந்தான். தொட்டியின் ஓரத்தில் ஒரு கீழாநெல்லி. அவ்வளவுதான், டிக்கெட் மறந்துவிட்டது. தொட்டி எந்த ஊர், மண் எந்த ஊர், எத்தனை நாளாக முளைத்திருக்கிறது என்று குரோம்பேட்டை வரை கேள்விக்கணை. வேர்த்து விறுவிறுத்துப் பதில் சொன்ன அந்த ஆள், வண்டி நின்றதும் தொட்டியோடு குதித்து ஓடிவிட்டான். அவனிடம் டிக்கெட்டே கிடையாது. டி.டி.ஆர். அவனுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார். செய்தி பரவி, அடுத்த வாரம் எங்கள் லைனில் கல்லூரிக்குப் போன பையன்களில் பாதிப்பேர் சட்டைப் பாக்கெட்டில் கீழாநெல்லிக் கொத்தோடு பயணம் செய்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் காலனிக்குச் சொந்தமான காலி மனை ஒன்று இருந்தது. எங்களுக்கு அது முட்புதர், அவருக்கு அது உயிர். பதினோரு வருஷமாக அங்கே கீழாநெல்லி, செங்கீழாநெல்லி, பெயர் தெரியாத அவற்றின் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் குச்சி நட்டிருந்தார். ஒவ்வொரு குச்சியிலும் பழைய அட்டை டிக்கெட் ஒன்று நூலில் தொங்கும். அதன் பின்புறம் செடி ஏறிய ஊர், இறங்கிய ஊர் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். காலனியில் புல் செதுக்கும் ஏழுமலை அந்தப் பக்கம் மண்வெட்டியோடு போனால் போதும், இவர் யூனிஃபார்மோடு குறுக்கே பாய்வார்.

"இன்னா சார், பேஜார் பண்ணிகினு கீறே? பூண்டு மொளைச்சா புடுங்கிப் போட்டுனு போய்னே இருக்கணும். அதுக்குப் போயி டிக்கெட் கட்டி வுட்டுகீறே!"

"புடுங்கிடாதே ஏழுமலை. அவன் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கான்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மனைக்கு ஆபத்து வந்தது. இளவட்டங்களுக்கு அங்கே ஷட்டில் கோர்ட் வேண்டும். நானும் அப்போது ராக்கெட் வாங்கி வைத்திருந்தேன். காலனிச் சங்கத்துச் செக்ரட்டரி ஒரு பேங்க் ஆபீசர், நல்ல மனிதர். எதற்கும் விழா எடுக்கவேண்டும் அவருக்கு. அவர்தான் ஒரு வழி சொன்னார். மனையை மூலிகைப் பூங்கா என்று அறிவித்துவிடலாம். தலைமை தாங்க ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. 'கீழாநெல்லி: பாரத மண்ணைத் தவிர வேறெங்கும் பிறக்காத செல்வம்' என்று பெயிண்ட் அடித்த போர்டு. டி.டி.ஆருக்குப் பொன்னாடை. போர்டைத் திறந்துவிட்டால் பிறகு ஒருத்தனும் அந்த மனையைத் தொடமுடியாது.

"நீங்க ஒண்ணுமே பேசவேண்டாம் சார். பொன்னாடையை வாங்கிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டு உட்கார்ந்துடுங்க. மனை உங்களுது" என்றார் செக்ரட்டரி.

மறுநாள் ரயிலில் டி.டி.ஆர். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் செத்துக் கிடந்தது. "அந்த போர்டு பொய் சார். இந்தக் கீழாநெல்லி அமெரிக்கா கண்டத்துலேர்ந்து வந்தவன்னு பேராசிரியர் சொன்னாரு. தொட்டி மண்ல, கப்பல் சரக்குல ஒட்டிக்கிட்டு உலகம் பூரா சுத்தினவன். நம்ம பழைய வைத்தியர்கள் சொன்னது இவனோட பெரியப்பா பையனா இருக்கலாம். வித்தவுட்ல வந்தவனைத் தெரிஞ்சே ஃபர்ஸ்ட் கிளாஸ்ல உட்காரவைக்கச் சொல்றாங்களே!"

"ஒரு மணி நேரம் வாயைக் கட்டுங்க சார். மனை தப்பிச்சுடும்" என்றேன்.

"கட்டறேன் சார்" என்றார். உண்மையிலேயே கட்டிப் பார்த்தார், பாவம்.

விழா நாளன்று பொன்னாடை போர்த்தியாயிற்று. கும்பிடும் போட்டாயிற்று. உட்கார்ந்தும் விட்டார். விழாத் தலைவராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி மைக்கைப் பிடித்தார். "அமெரிக்காக்காரன் கனவிலும் கண்டிராத மூலிகை இது!" என்று முழங்கினார். கைதட்டல் வானைப் பிளந்தது. டி.டி.ஆர். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலைவர் சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது? "இதன் ஒரு விதையாவது நம் எல்லையைத் தாண்டி வந்தது என்று சொல்ல எவனுக்காவது தைரியம் உண்டா?" என்று சவால் விட்டார்.

டி.டி.ஆர். எழுந்துவிட்டார். "அங்கேர்ந்துதான் சார் வந்துது."

"யாரு?"

"கீழாநெல்லி சார். ஏறின இடம் அமெரிக்கா. அவனோட முன்னோர்கள் இந்தப் பக்கத்து ஆளுங்கதான்னு சொல்றாங்க. அங்கே போய் செட்டிலாகி, வேற ஆளா மாறி, திரும்பி வந்திருக்கான். நம்ம செக்ரட்டரி சார் பையன் கம்ப்யூட்டர் படிச்சுட்டு அங்கே போயிருக்கான் இல்லே, நாளைக்கு அவன் பேரன் இங்கே வந்தா நாம வேணாம்னா சொல்லப்போறோம்?"

இதில் தப்பு என்ன? காலனியில் மூன்று வீட்டுக்கு ஒரு பையன் அமெரிக்காவில் இருந்தான். மற்ற வீட்டுக்காரர்கள் விசாவுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பையன் அமெரிக்கா போனால் பெருமை. பூண்டு அங்கேயிருந்து வந்தால் மட்டும் மானம் போய்விடுமாம்! "உட்காருய்யா!", "தேசத்துரோகி!" என்று கூச்சல். தலைவர் போர்டைத் திறக்காமலே காரில் ஏறிவிட்டார். செக்ரட்டரி தலையில் கைவைத்துக்கொண்டு, "ஒரு கும்பிடோட நிறுத்தியிருக்கக்கூடாதா சார்?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

"நிறுத்தணும்னுதான் சார் நினைச்சேன். அவர் கேட்டுட்டாரே" என்றார் டி.டி.ஆர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். ஷட்டில் கோர்ட்டுக்கு ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. ராக்கெட் வீணாகப் போகக்கூடாதே என்ற அற்பப் புத்தி. எதிர் வரிசையில் டி.டி.ஆர். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஏழுமலை ஒரு அடி ஆழத்துக்கு மேல்மண்ணைச் செதுக்கிக் குவித்தான். அட்டை டிக்கெட்டுகளை மட்டும் பொறுக்கி டி.டி.ஆர். கையில் கொடுத்தான். "மனசுல வெச்சிக்காத சார், நான் கூலிக்கு வந்தவன்" என்றான். சும்மா கிடைக்கும் மண்ணை எங்கள் காலனி விடுமா? பதினோரு வருஷம் இலை மக்கிய கறுப்பு மண். பக்கெட், அன்னக்கூடை, குழந்தையின் பாத்டப் வரைக்கும் எடுத்துக்கொண்டு ரோஜாத் தொட்டிக்கு அள்ளினார்கள். நானும் இரண்டு பக்கெட் அள்ளினேன். மிச்சத்தை டிராக்டர் மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மனைக்கும் படப்பையில் ஒரு நர்சரிக்கும் ஏற்றிக்கொண்டு போயிற்று. டி.டி.ஆர். டிக்கெட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி லோடு கிளம்பும்வரை நின்றிருந்தார். திட்டவில்லை, தடுக்கவில்லை.

ஐப்பசி மழை கொட்டியது. கோர்ட்டில் முழங்கால் தண்ணீர், ஷட்டில் ஆடியது தவளைகள்தான். மழை விட்டு மூன்றாம் வாரம், ஒருநாள் காலை என் கேட்டைத் தட்டினார் டி.டி.ஆர். கையில் ஒரு நோட்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார், தெருவில் வேண்டாம் என்று மாடிக்கு அழைத்துப் போனேன். நேரே ரோஜாத் தொட்டியிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரோஜாவுக்கு நாலு பக்கமும் பச்சைப்பசேலென்று கீழாநெல்லி. நான் அதுவரை கவனிக்கவேயில்லை. ஒரு கொத்தைத் திருப்பி இலைக்கடியில் காய் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். பிடித்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"செக்ரட்டரி வீட்டுத் தொட்டில ஏழு சார். மாடம்பாக்கத்துல வாசல் பூரா. படப்பை நர்சரிக்காரன் தொட்டி தொட்டியா விக்கறான், ஒவ்வொண்ணுலயும் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். திண்டிவனம் வரைக்கும் போயிட்டான் சார்!"

நான் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அன்னிக்குக் கை தூக்கினேன் சார்" என்றேன்.

"பார்த்தேனே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருஷமா ஒரே மனைல அடைச்சுவெச்சுக் காவல் காத்தேன் சார் நான். ஊர் சுத்தப் பொறந்தவனை. நீங்க எல்லாரும் சேர்ந்து அனுப்பிவெச்சீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

கிண்டல் இல்லை. அந்த மனிதருக்குக் கிண்டலே தெரியாது. நோட்டைப் பிரித்து என் பெயரையும் தேதியையும் இரண்டு பக்கெட் என்பதையும் எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டப் போனார். அவர் நன்றாகத் திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாரே, அன்றிலிருந்து எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.